வலது தட்டு

என் மருமகள் ஜோதிமணிக்கு மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் ஒரு வெற்றிலைக் கடை இருக்கிறது. போன வருஷம் தசரா சமயத்தில் அதோடு சேர்த்து ஒரு ராஜ்யமும் இருந்தது. கடையைப் பற்றிச் சொல்ல மார்க்கெட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ராஜ்யத்தைப் பற்றிச் சொல்ல நான் ஒருத்திதான். அது நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அவள் அந்தியூர்ப் பக்கத்துப் பெண். நாங்கள் ஹனூர்க்காரர்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில்தான் அவளை முதலில் பார்த்தேன். எனக்கு வளைவில் குமட்டும். கேட்காமலே எழுந்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு நான் என் மகனைக் கொடுத்தேன்.

அவள் கல்யாணமாகி வந்தபோது கடையில் என் வீட்டுக்காரர் இருந்தார். அவருக்குப் பிறகு மகன் சந்துரு உட்காருவான் என்று நினைத்தோம். அவன் மைசூரிலேயே ஹெப்பாளத்தில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். வெற்றிலையைத் தொட்டால் கை நாள் முழுக்கச் சில்லென்று இருக்கிறதாம். ஜோதிமணி போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் கை சில்லென்று இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கல்யாண மண்டபங்கள், கோயில்கள், பீடாக் கடைகள் என்று ஏகப்பட்ட வாடிக்கை. மழை பெய்தாலும் பந்த் என்றாலும் அவரவர் கட்டு அவரவருக்குப் போய்விடும்.

அவள் குணத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடையில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. ஆனால் உறவு என்று வந்துவிட்டால் அவளுக்கு வாயே வராது. அவள் தம்பி கல்யாணத்துக்கு மொத்த வெற்றிலையும் இவள் கடையிலிருந்துதான் போயிற்று. அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பழம்கூடத் திரும்பி வரவில்லை. நான் கேட்டேன், "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று. "கேட்டு வாங்குனா அது சீருங்களா அத்தெ?" என்றாள். அதோடு சரி. ஆனால் மறக்கவில்லை. தம்பி போன் செய்தால் இரண்டாம் தடவை அடிக்கும்போதுதான் எடுப்பாள்.

இதை எழுதிக்கொண்டிருப்பவளும் அவள்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. அவள் அந்தியூரில் தமிழ் படித்தவள். தம்பி கல்யாணத்தை விட்டுவிடலாமே என்கிறாள். விட முடியாது என்றேன். எழுதுகிறாள்.

சந்துரு வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆடுவான். ராஜ்யம் கட்டும் ஆட்டம். பல வருஷமாக ஆடுகிறான். எத்தனையோ ராஜ்யம் கட்டியிருப்பான். வீட்டில் தண்ணீர்த் தொட்டி மூடி மட்டும் உடைந்தபடியே இருக்கிறது.

தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. பெங்களூரில் உள்ள பெரிய தொழிற்சாலையில் மேல் உத்தியோகம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், தசரா முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அவன் அன்றைக்கே மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டான். ஜோதிமணி கட்டவில்லை.

"கடைய யாருக்காச்சும் விட்டுப்போட்டு வா. இதுல என்ன யோசனை?" என்றான்.

"கடைய விடலாமுங்க. வாடிக்கைய யாருகிட்ட விடறது?"

"வெத்தலை வாடிக்கை! பெரிய ராஜ்யம் நடத்தற மாதிரி பேசறே."

"ராஜ்யம்னா எதுங்க? தினமும் அந்தப் பொட்டியில நீங்க நடத்தறீங்களே, அதுங்களா?"

"அதேதான். ஒரு தடவ நடத்திப் பாரு, அப்பத் தெரியும். முன்ன பின்ன யோசிக்கோணும். உனக்கு ஒரு கட்டு ரெண்டு கட்டு, அஷ்டே, அவ்வளவுதான்."

"கத்துக்கறனுங்க. உங்கள ஜெயிச்சுட்டா பெங்களூருக்குப் போறதில்ல. செரிங்களா?"

"செரி. தோத்தா?"

"நானே மூட்டை கட்டறனுங்க."

"என்னைய ஒருத்தரும் கேக்கலையே" என்றேன்.

"நீ சும்னே இரும்மா" என்றான். சும்னே இருந்தேன்.

அன்றிலிருந்து மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கற்றுக்கொண்டாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். புரியாத இடத்தில் போனை எதிரே பிடித்தால் அது தமிழில் ஏதோ சொல்லும். போனுடைய தமிழ் போலீஸ்காரன் தமிழ் மாதிரி இருக்கும்.

ஆட்டம் என்னவென்றால், ஆரம்பத்தில் கொஞ்சம் ஜனத்தைக் கையில் கொடுக்கிறார்கள். நல்ல தண்ணீர் பார்த்து ஊர் வைக்க வேண்டும். சோறு சேர்ந்தால் ஜனம் பெருகும். ஜனம் பெருகினால் சோறு மட்டும் போதாது, அதற்கு மேல் ஏதாவது சௌகரியம் கேட்கும். பட்டு, உப்பு, மசாலா என்று ஏதாவது. கிடைக்காவிட்டால் ஊரில் புகை கிளம்பும். உன் முறை முடிந்தது என்று பொத்தானை அழுத்தினால் மற்ற ராஜாக்கள் தங்கள் காரியத்தைப் பார்ப்பார்கள். அவர்களை ஆட்டுவது மெஷினாம். முகம் மட்டும் மனிதர் முகம். ஒருவன் கம்பளிக் குல்லா போட்டிருந்தான். ஒருத்தி பெரிய மூக்குத்தி போட்டிருந்தாள். பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. கம்பளிக் குல்லா, மூக்குத்திக்காரி என்றே வைத்துக்கொண்டோம்.

ஜோதிமணியின் ராஜ்யத்தில் மசாலா விளைந்தது. வெற்றிலை அந்த ஆட்டத்திலேயே கிடையாது. இவ்வளவு பெரிய உலகத்தைச் செய்தவர்கள் வெற்றிலையை எப்படி விட்டார்களோ தெரியவில்லை.

பக்கத்து ராஜாவோடு பேச ஒரு இடம் உண்டு. அவன் முகம் வரும். கீழே இரண்டு கட்டம். இடது கட்டத்தில் நாம் கொடுப்பதை வைக்க வேண்டும், வலது கட்டத்தில் நாம் கேட்பதை வைக்க வேண்டும். ஜோதிமணி அவற்றைத் தட்டு என்பாள். இடது தட்டில் மசாலாவை வைத்தாள். வலது தட்டைக் காலியாக விட்டு, அனுப்பு என்று அழுத்தினாள். கம்பளிக் குல்லா பல்லைக் காட்டிச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினாள். மூக்குத்திக்காரிக்கும் அனுப்பினாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் வைக்கலியா?" என்றேன்.

"வைக்கக் கூடாதுங்க அத்தெ. அவங்களாப் பாத்துச் செய்வாங்க."

"கடையில அப்படியா பண்றே?"

"கடைக்கு வர்றவன் வேற. எல்லையில இருக்கறவன் வேற. நாளைக்கு மொகத்துல முழிக்கோணுமில்லீங்க?"

கம்பளிக் குல்லா பார்த்துத்தான் செய்தான். நிறையக் குதிரைகளோடு வந்து அவளுடைய தலைநகரத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் அதிகமாகக் கொடுத்தது அவனுக்குத்தான்.

சாயங்காலம் சந்துருவுக்கு விஷயம் தெரிந்ததும் சட்டையைக் கழற்றாமல் நின்றபடியே சிரித்தான். "தட்டு வரிசை கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு அடி வாங்கிட்டு வந்திருக்கறாம்மா! சம்பந்தி வீடுன்னு நெனச்சுட்டாளாட்ட இருக்குது!" ஜோதிமணி அவனுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போடவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி மசாலா அனுப்பினாள். பிடிவாதத்தில் அவள் என்னைப் போல. ஆட்டத்தின் நடுவில் ஒரு மண்டபத்திலிருந்து போன் வந்தது, கல்யாணம் ஒரு நாள் முன்னால் போய்விட்டது, வெற்றிலை நாளைக்கே வேண்டும் என்று. மௌஸை அப்படியே விட்டுவிட்டுப் பேசினாள். அம்புக்குறி கம்பளிக் குல்லாவின் மூக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தாக என்னமோ விரிந்தது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து வந்தது தெரியும். காட்டினேன்.

போனை வைத்துவிட்டுப் படித்தாள். அந்த ராஜாவுக்கு அவள் மேல் என்னென்ன மனத்தாங்கல், என்னென்ன நன்றி என்று அவ்வளவும் அதில் இருந்தது. எங்கள் எல்லையை ஒட்டி ஊர் வைத்தாய் என்று ஒரு குறை. உன் படை சின்னது என்று ஒரு இளக்காரம். நீ பரிசு தந்தாய் என்று ஒரு நன்றி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். சொந்தக்காரர்கள் முகத்திலும் இப்படி விரிந்தால் எவ்வளவோ நேரம் மிச்சம்.

அவள் முறையை முடித்துவிட்டு மறுபடி மூக்கின் மேல் அம்பை வைத்தாள். நன்றியின் எண் ஒன்று குறைந்திருந்தது. அடுத்த முறை இன்னும் ஒன்று குறைந்தது.

"குடுத்தத மறந்துட்டே வர்றான் அத்தெ."

"எல்லாரும் மறக்கறவங்கதான். இவன் மொகத்துலயே எழுதி வச்சு மறக்கறான். நல்லவன்."

எல்லையை ஒட்டி ஊர் வைத்த குறை மட்டும் குறையவே இல்லை.

மூக்குத்திக்காரிதான் விஷயத்தைப் புரியவைத்தாள். அவளாகவே ஒரு நாள் வந்து, எங்கள் மீன் உனக்கு, உன் மசாலா எங்களுக்கு, இத்தனை முறை வரைக்கும் என்று கேட்டாள். வாசலுக்கு வந்து கேட்பவளை எப்படி அனுப்புவது என்று ஜோதிமணி ஒத்துக்கொண்டாள். பிறகு மூக்குத்தியின் மேல் அம்பை வைத்துப் பார்த்தாள். உன்னோடு வியாபாரம் நடக்கிறது என்று ஒரு வரி. அடுத்த முறை அந்த எண் ஏறியிருந்தது. அதற்கடுத்த முறையும் ஏறியது.

ஜோதிமணி கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இது சீர் இல்லீங்க அத்தெ. வாடிக்கை" என்றாள்.

பிறகு ரசத்தைச் சூடு பண்ணப் போய்விட்டாள்.

அதன்பின் அவள் கற்றுக்கொண்டதெல்லாம் வாடிக்கையின் நெளிவு சுளிவுதான். வியாபாரத்துக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிந்தால் ஆட்டம் நமக்குச் சத்தம் போட்டுச் சொல்லாது. சாமான் போவது சும்மா நின்றுவிடும், எதிராளி முகத்தில் உடனே ஒரு புதுக் குறை விரியும். அதனால் கெடுவுக்கு முந்தின முறையே போய்ப் புதுப்பித்துவிட வேண்டும். மண்டபங்களோடு அவள் அப்படித்தான் செய்கிறாள். வலது தட்டில் சின்னதாகவாவது ஏதாவது கேட்டு வைத்தால்தான் வியாபாரக் கணக்கில் சேரும் என்பதையும் கண்டுபிடித்தாள். அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்வாள்.

தசரா விடுமுறையில் இரண்டு பேரும் எதிரெதிராக ஆடினார்கள். ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் ஆடும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். எட்டிப் பார்க்காமல் இருக்க நடுவில் நான். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் இரண்டு பேருக்கும் என்மேல் நம்பிக்கை. தலைநகரம் போனால் தோல்வி. வாயால் 'போதும்' என்று சொன்னாலும் தோல்வி.

பக்கத்து வீட்டு மல்லம்மா கொலுச் சுண்டல் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள். "ஏனக்கா, உங்க மகன் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கான்? சண்டையா?"

"சண்டையில்ல. யுத்தம்" என்றேன்.

ஜோதிமணி தன் ஊர்களுக்கு மைசூர், ஹனூர், கொள்ளேகால் என்று பெயர் வைத்தாள். மைசூர் தலைநகரம். சந்துரு இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் இருந்த மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆற்றங்கரையில் ஒரு ஊர் கட்டினான். கட்டும்போதே சத்தமாகச் சொன்னான், "இதுக்குப் பேரு பெங்களூர்!" என்று. அது மளமளவென்று வளர்ந்தது. அவன் ராஜ்யத்திலேயே அதுதான் பெரிய ஊர்.

அது அப்படி வளர்ந்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது. எல்லோரிடமும் வலது தட்டில் கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டவள், புருஷனிடம் மட்டும் கேட்கவில்லை. முதல் நாளிலிருந்தே அவனுக்கு மசாலா போய்க்கொண்டிருந்தது. வலது தட்டு காலி. அவன் வந்ததை வாங்கிப் போட்டுக்கொண்டான். தன் ஜனங்கள் ஏன் சத்தம் போடாமல் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அவன் பார்த்ததெல்லாம் படை. ராஜாக்கள் முகத்தின் மேல் அம்பை வைத்துப் பார்க்கலாம் என்பது இத்தனை வருஷம் ஆடியும் அவனுக்குத் தெரியாது.

விஜயதசமிக்கு மறுநாள் அவன் யுத்தம் அறிவித்தான். நடுவில் மலை இருந்ததால் கம்பளிக் குல்லாவின் நாட்டு வழியாகத்தான் மைசூருக்கு வர முடியும். அதற்கு அவனிடம் முன்பே வழி வாங்கி வைத்திருந்தான். படை நீளமாக ஊர்ந்து வந்தது.

"மூட்டை கட்டிக்க புள்ள" என்றான் சுவரைப் பார்த்தபடி.

"கட்டுறனுங்க. உங்க படைக்கு இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"நாளைக்குக் காபி குடிக்கறதுக்குள்ள வந்துரும்."

வழி வாங்கியதற்கும் கெடு உண்டு. அவன் கவனிக்கவில்லை. படை நடு வழியில் இருக்கும்போது கெடு முடிந்தது. புதுப்பிக்கக் கேட்டான். கம்பளிக் குல்லா மாட்டேன் என்றான். கம்பளிக் குல்லாவின் ஜனங்களுக்கு மசாலா ஜோதிமணியிடமிருந்து போய்க்கொண்டிருந்தது, ஒரு முறைகூடத் தவறாமல். அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம், வழி இல்லாத நாட்டில் படை நிற்க முடியாது; ஆட்டமே தூக்கி வெளியே வைத்துவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சந்துருவின் படை முழுக்க வடக்கே ஒரு பனிக்காட்டில் நின்றுகொண்டிருந்தது. யானைகளும் இருந்தன. பாவமாக இருந்தது.

யுத்தம் அறிவித்த அன்றே அவளிடமிருந்து அவனுக்குப் போகும் மசாலாவும் ஆட்டத்தின் சட்டப்படி நின்றிருந்தது. முதலில் பெங்களூரில் புகை வந்தது. பெரிய ஊர் அல்லவா. பிறகு மற்ற ஊர்களிலும் வந்தது. வேலை செய்ய மாட்டேன் என்று ஜனம் உட்கார்ந்துகொண்டது. அவன் அதட்டிப் பார்த்தான். அது அதட்டினால் கேட்கிற ஜனம் இல்லை.

"மசாலா எங்க போச்சு?" என்று கேட்டான்.

"என்னையவா கேக்கறீங்க?" என்றாள் ஜோதிமணி.

அவன் பொத்தான்களைத் தட்டினான். சமாதானம், அதோடு இரும்பு, குதிரை. அவளுடைய மசாலாவுக்கு இதையெல்லாம் தருவதாக எழுதி அனுப்பினான். 'போதும்' என்று மட்டும் சொல்லவில்லை. முறை அவளுக்கு வந்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஜோதிமணி இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் வைத்த இரும்பையும் குதிரையையும் எடுத்துவிட்டாள். சமாதானத்தை மட்டும் விட்டுவைத்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"அத்தெ, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"தெரியாட்டியும் பரவால்லீங்க. திரும்பிக்குங்க."

நானும் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. பொத்தான் சத்தம் கேட்டது.

சந்துரு வந்து பார்த்தான். "என்ன புள்ள இது? பெங்களூரா?"

"ஆமாங்க."

"ஊரையே கேக்கறே? இரும்பு எடுத்துக்க. யானைய எடுத்துக்க."

"யானை பனியில நிக்குதுங்க. வேண்டாங்க."

"கடற்கரையில நல்ல ஊரு ஒண்ணு இருக்குது. அது?"

"வேண்டாங்க."

"நான் கட்டுன ஊரு அது."

"தெரியுமுங்க. நானும் ஒண்ணு கட்டி வச்சிருக்கறனுங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சட்டப்படி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். என்னைத் தடுக்கச் சட்டம் இல்லை. புகை பெங்களூரில் இன்னும் கறுப்பாயிற்று. அவன் பொத்தானை அழுத்தினான்.

பெங்களூர் நிறம் மாறி அவள் பக்கம் வந்தது. புகை நின்றது.

சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து சந்துரு வாதாடினான். தலைநகரம் போகவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை, அதனால் தான் தோற்கவில்லை என்றான். அது உண்மைதான். அப்படியானால் தானும் ஜெயிக்கவில்லையே என்று ஜோதிமணிக்கு முகம் வாடிவிட்டது. நடுவில் உட்கார்ந்தவள் நான் அல்லவா, நான் சொன்னேன்:

"டேய் சந்துரு, பெங்களூர் இப்ப யாருது?"

"அவளுது."

"உன் கையால குடுத்தியா, அவ புடுங்கிக்கிட்டாளா?"

"நாந்தான் குடுத்தேன்."

"பொண்டாட்டிக்குக் குடுத்த ஊருக்கு அவளக் கேக்காம எப்படிப் போவே?"

அவன் அவளைப் பார்த்துக் கேட்டே விட்டான். "போலாமா?"

"வேண்டாங்க" என்றாள்.

கம்பெனிக்கு என்ன பதில் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னானாம். அந்த உத்தியோகம் வேறு யாருக்கோ போயிற்று. தீபாவளி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு ஒரு நாள் அவனாகவே தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி வாங்கிவந்தான்.

என்னை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். யார் ஜெயித்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அவர்களை அனுப்பிவிட்டு நானே கடையில் உட்கார்ந்திருப்பேன்.

ஆட்டம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோதிமணி கம்ப்யூட்டரைத் திறந்து அதே ராஜ்யத்தை எடுக்கிறாள். மூக்குத்திக்காரிக்கும் கம்பளிக் குல்லாவுக்கும் மசாலா போகிறதா என்று பார்த்து, கெடுவைப் புதுப்பித்து வைக்கிறாள்.

"அது மெஷின் புள்ள" என்கிறான் சந்துரு.

"இருக்கட்டுமுங்க. நம்மள நம்பி இருக்கறாங்க."

சந்துருவுக்கும் மசாலா போகிறது. ஆனால் இப்போது வலது தட்டு காலியாக இல்லை. அவளும் கேட்கிறாள், அவனும் மறுபேச்சில்லாமல் அழுத்துகிறான். அப்படி என்ன கேட்கிறாய் என்று இப்போதுதான் கேட்டேன். சொன்னாள். அதையும் எழுது என்றேன். மாட்டேன் என்கிறாள்.